பிடிக்காத மாதிரி பார்த்த வீடு

வீடு வாங்க எனக்கு இருந்த ஒரே தகுதி, அதைப் பற்றி மூன்று மாதம் கைப்பேசியில் வீடியோ பார்த்திருந்தேன் என்பதுதான். தரகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒன்று வந்தது. கோட்டு போட்ட ஒருவர் தரகரிடம் கேட்கவேண்டிய பத்துக் கேள்விகளை விரல்விட்டுச் சொன்னார். ஒரே தரகரை நம்பி உட்காராதீர்கள், வீடு பிடித்துவிட்டால் முகத்தில் காட்டாதீர்கள் என்றும் சொன்னார். நான் வாழ்க்கையில் முழுதாகக் கடைப்பிடித்த அறிவுரைகள் அந்த இரண்டுதான்.

அடையாறில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லி, காலிசெய்ய நான்கு மாதம் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து என் மனைவிக்கு அது ஏழாவது வீடு.

"இன்னொரு தடவை பாத்திரத்தையெல்லாம் பேப்பர்ல சுத்தணும்னா, அது சொந்த வீட்டுக்குப் போறதுக்காகத்தான் இருக்கணும்" என்றாள். அவள் ஆசிரியை. பள்ளிக்கூடம் மயிலாப்பூரில். நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"நீ அலையவே வேண்டாம். நான் எல்லாத்தையும் பார்த்து வடிகட்டி, கடைசி ரெண்டை மட்டும் உனக்குக் காட்டுறேன்" என்றேன்.

என் வடிகட்டல் அவளுக்குப் புதிதல்ல. முன்பு ஒருமுறை நான் வாஷிங் மெஷினை வடிகட்டினேன். வடிகட்டி முடிக்கும்வரை ஐந்து மாதம் துணியை அவள் கையால் துவைத்தாள்.

முதல் தரகர் மந்தைவெளியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் நாலு பேனா. நாலும் எழுதாது, நானே முயன்று பார்த்தேன். பத்துக் கேள்வியையும் எழுதி வந்த காகிதத்தை விரித்து முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு?"

"இன்னா சார், வூடு பாக்க வந்தியா, எனக்கு வேலை போட்டுக் குடுக்க வந்தியா?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"இந்த ஏரியாவுல எந்த வூட்டுக்கு எத்தினி மணிக்குத் தண்ணி லாரி வருதுன்னு தெரியும். எந்த வூட்டுல அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய்க்கினு கீறாங்கன்னு தெரியும். போதுமா?"

'நேரடியான பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டு பூஜ்யம் போட்டேன். எழும்போது அவர் கேட்டார். "வேற ஆளாண்ட சொல்லிக்கீறியா?"

"சேச்சே. உங்ககிட்ட மட்டும்தான்."

இதைச் சொல்லும்போதே கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணிக்கு தி.நகரில் அடுத்த தரகரைப் பார்க்க வேண்டும்.

அவர் ரவிக்கைத் துணிக்கடைக்கு மேலே ஏசி அறையில் இருந்தார். நாற்பது வயது. கழுத்தில் டை. "நாங்க புரோக்கர் இல்ல சார், கன்சல்டன்ட்" என்றார். பத்துக் கேள்விக்கும் பதில் சொன்னார். நான் கேட்காத பதினோராவதற்கும் சொன்னார். காபி வந்தது, பிஸ்கட்டோடு. முழு மதிப்பெண் போட்டேன்.

"எங்ககிட்ட மட்டும்தானே சார் சொல்லியிருக்கீங்க?"

"பின்னே?"

ஏசியிலும் வெயிலிலும் ஒரே மாதிரி இருந்தது ஒரு பழக்கம். பார்க்கப் போகிற வீட்டின் விலாசத்தை முன்னால் சொல்லவே மாட்டார்கள். "சொன்னா நீ நேராப் போயி ஓனராண்ட பேசிடுவ. வண்டில ஏறு" என்பார் மந்தைவெளிக்காரர். ஐம்பத்து மூன்று வயதில், எங்கே போகிறோம் என்று தெரியாமல் இன்னொருவர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றினேன். வீட்டை முதலில் யார் காட்டுகிறாரோ அவருக்குத்தான் கமிஷன் என்பது இந்தத் தொழிலின் சட்டம். எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அவர் காட்டிய ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு அடுப்பு. அந்த அம்மா ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்துவிட்டதைக்கூட அங்கிருந்தே பார்த்தேன். இப்படி ஐந்தாறு பார்த்த பிறகு, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய அடுக்ககம் ஒன்றின் இரண்டாவது மாடிக்குக் கூட்டிப்போனார்.

வீட்டுக்காரர் ரிட்டயரானவர். தனியாக இருந்தார், பெங்களூரில் மகளோடு போய் இருக்கப்போகிறவர். மடித்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே வரவேற்றார்.

"வாங்கோ. மத்தியானம் மூணு மணிக்குக் காத்து பிச்சிண்டு வரும். ஃபேனே போடறதில்லை."

மணி மூன்று. காற்று வந்தது. சுவரில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்டோர் ரூமுக்கு மட்டும் ஸ்விட்ச், எலக்ட்ரீஷியன் செய்த கோளாறால் ஹாலில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. பால்கனிக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி, என் மனைவியின் பள்ளிக்கூடத்து கேட் தெரிந்தது.

வீடு எனக்குப் பிடித்துவிட்டது. உடனே கோட்டு போட்டவர் ஞாபகம் வந்தார். பங்குனி வெயில் கண்ணைக் குத்த, கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, "வெளிச்சம் கம்மியா இருக்கே" என்றேன்.

நாலு நாள் கழித்து கன்சல்டன்ட் அழைத்தார். "சார், ஒரு பிரீமியம் பிராப்பர்ட்டி. உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்." காரில் போனோம். கார் லஸ்ஸைத் தாண்டியது, குளத்தைச் சுற்றியது, அதே சந்துக்குள் நுழைந்தது. 'இது பார்த்தாச்சு' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், வேறு தரகர் இல்லை என்று சாதித்தது பொய்யாகிவிடும். அதோடு, நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளாத ஒரு காரணமும் இருந்தது. அந்த வீட்டை எனக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். முந்தின பக்கத்தில் என் பெயர், வந்த காரணம் 'வீடு பார்க்க'. இந்தத் தடவை காரணத்தில் 'உறவினர்' என்று எழுதினேன். அவர் நோட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் புருவத்தாலேயே மன்றாடினேன்.

"வாங்கோ. சார் புதுசா வரார் போலிருக்கு" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"ஆமா சார். இந்தப் பக்கமே வந்ததில்லை."

"மத்தியானம் மூணு மணிக்குக் காத்து பிச்சிண்டு வரும்."

"அப்படியா?"

ஒருவருக்கொருவர் ஒத்திகை பார்த்தவர்கள் மாதிரி நடந்துகொண்டோம். நான்தான் கொஞ்சம் அதிகம் போய்விட்டேன். ஏறி வந்த படியை மறந்து, "இது எத்தனாவது மாடி?" என்று கேட்டேன். ஸ்டோர் ரூம் இருட்டாக இருந்தது. என் கை, என்னைக் கேட்காமலே, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் ஸ்விட்சைப் போட்டது.

வீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்தார். கன்சல்டன்ட் ஃபேனைப் பார்த்தார்.

"பழைய வீடுகள்ல பொதுவா ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடிதான் வெச்சிருப்பாங்க" என்றேன்.

"கரெக்ட் சார். நல்ல நாலெட்ஜ்" என்றார் கன்சல்டன்ட்.

சந்தேகம் வராமலிருக்கச் சமையலறை சின்னது என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வீடு எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. பால்கனியிலேர்ந்து உன் ஸ்கூல் கேட் தெரியுது."

"அதை வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"வெளிச்சம் கம்மின்னும் கிச்சன் சின்னதுன்னும் சொல்லி வெச்சிருக்கேன்."

"சரி, ரெண்டு தரகர்ல யார் மூலமா வாங்கப் போறீங்க?"

கோட்டுக்காரரின் பத்துக் கேள்வியில் இது இல்லை. காபி கொடுத்தவர் நூற்றுக்கு நூறு. முதலில் காட்டியவர் ஃபெயில். யாரிடம் போனாலும் இன்னொருவரிடம் நான் சொன்ன பொய் வெளிவரும். பத்து நாள் கட்டம் போட்டு அட்டவணை எழுதினேன். கடைசியில், இரண்டு பேரும் வேண்டாம், மூன்றாவதாகப் புதுத் தரகர் ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாக அந்த வீட்டைப் புதிதாகப் பார்த்தால் என்ன என்ற யோசனைக்கு வந்து சேர்ந்தேன்.

"மூணாவது தடவை என்ன சொல்லுவீங்க? படி ஜாஸ்தின்னா?" என்றாள் மனைவி.

அப்போதுதான் மந்தைவெளிக்காரரின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், அந்தக் குளத்தாண்ட வூட்டுக்கு வேற பார்ட்டி வந்துகீது. நாளைக்குப் பதினோரு மணிக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுக்கறாங்களாம். உனக்குத்தான் புடிக்கலியே. சும்மா காதுல போட்டு வெச்சேன்."

நான் அட்டவணையைப் புரட்டினேன். மனைவி போனை வாங்கினாள்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் வரேன். நீங்கதானே முதல்ல காட்டினது, நீங்களே கூட்டிட்டுப் போங்க."

இத்தனை நாளாக நான் செய்த தேர்வை ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

மறுநாள் அவள் பாதி நாள் லீவு போட்டாள். அந்தச் சந்தில் போய் நின்றபோது மந்தைவெளிக்காரரின் மொபெட் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கன்சல்டன்ட். டை தோள்மேல் பறந்துகொண்டிருந்தது. வாட்ச்மேனுக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று பார்த்தேன், அவர் ரொம்ப ஒல்லி.

"இன்னா நைனா, உறவினர் வந்துட்டாரா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டார் மந்தைவெளிக்காரர்.

"நீங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தேன்.

"அவரு ஏசில குந்திக்கினு பார்ட்டி புடிப்பாரு. நானு வெயில்ல வூடு புடிப்பேன். வர்றதுல பாதி பாதி. பத்து வருசமா இப்டித்தான்."

"அப்ப நான் ஏற்கெனவே பார்த்த வீடுன்னு தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

கன்சல்டன்ட் தரையைப் பார்த்துச் சிரித்தார். மந்தைவெளிக்காரர்தான் பதில் சொன்னார்.

"அதான் சார் டெஸ்ட்டு. புடிக்காதவன் காரை வுட்டே எறங்க மாட்டான். இது பாத்தாச்சுப்பா, வேற காட்டுன்னுவான். புடிச்சவன்தான் நடிப்பான். நீ இன்னாடான்னா எத்தனாவது மாடின்னு கேட்டியாமே."

மனைவி சிரிக்க ஆரம்பித்து, மதில்சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரரும் உங்க கூட்டுதானா?" என்றேன்.

"அவரு தனி ஆட்டம். எங்க ரெண்டு பேராண்டயும் தனித்தனியா, உனக்கு மட்டும்தான் குடுத்துக்கீறேன்னு சொல்லி வெச்சிக்கீறாரு பாவம்."

ஆக அன்றைக்கு அந்த ஹாலில் மூன்று பேரும் நடித்திருக்கிறோம். பார்க்க ஆள்தான் இல்லை.

ஆனால் இன்னொரு பார்ட்டி நிஜம். மேலே போனபோது வீட்டுக்காரர் அவர்களுக்காக நல்ல சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். மனைவியை உட்காரச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை.

"உங்களுக்குத்தான் இந்த ஆம் பிடிக்கலையே சார்."

"வீடு பிடிச்சிருக்கு சார்."

"வெளிச்சம் கம்மின்னேளே. முப்பது வருஷம் இருந்த ஆம். நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கே அப்படித் தோண ஆரம்பிச்சு, ட்யூப்லைட் மாத்தினேன்."

மேலே பார்த்தேன். புது ட்யூப்லைட், பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வரப்போறவா பார்த்ததுமே நல்ல ஆம்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அவாளுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

"சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குங்க" என்றாள் மனைவி என்னிடம், மெதுவாக.

இரண்டு தரகர்களும் வாசலில் நின்று பார்க்க, வாபஸ் வாங்கினேன். ஹாலில் நின்று, வெளிச்சம் கண் கூசுகிற அளவுக்கு இருந்தது என்றும் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினேன் என்றும் சொன்னேன். "அதை நானும் பார்த்தேன்" என்றார் வீட்டுக்காரர். சமையலறையில் மனைவி இரண்டு கையையும் விரித்து நின்றாள். சுவர் எட்டவில்லை. "ரொம்ப விசாலம் சார், கல்யாணத்துக்கே சமைக்கலாம்" என்றேன்.

"அவ்வளவெல்லாம் வேண்டாம். உள்ளதைச் சொன்னாப் போறும்."

அந்த நேரம் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. மனைவி பால்கனிக்குப் போனாள். போனவள் வெகு நேரம் வரவில்லை. வீட்டுக்காரர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "இன்னும் குறை ஏதாவது பாக்கி இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ."

உண்மையான குறை ஒன்று இருந்தது. குளியலறைச் சுவரில் மேல்வீட்டுத் தண்ணீர் கசிந்து ஒரு பெரிய ஈரத் திட்டு. இரண்டு தடவையும் பார்த்தேன். உண்மை என்பதால் பேரம் பேசுவதற்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

"ஒண்ணுமே இல்ல சார்."

மனைவி பால்கனியிலிருந்து வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"சார், மேல் வீட்டுத் தண்ணி இந்தச் சுவர்ல கசியுது. அதைச் சரி பண்ணிக் குடுத்துடுங்க. நீங்க சொல்ற விலைக்கே நாங்க எடுத்துக்கறோம்."

அவர் எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "பேஷா பண்ணிடலாம்மா. உங்க ஆத்துக்காரர் ரெண்டு தடவை வந்தார், இதை மட்டும் சொல்லலையே."

"மூணாவது தடவைக்கு வெச்சிருந்திருப்பார் சார்" என்றாள்.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பதினோரு மணிக்கு வர இருந்தவர்களுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னார்.