ஹனீபாவின் மகளுக்கு ஓர் அண்ணன்

மலேசியாவில், பினாங்குக்கு எதிர்க்கரையான ஜுருவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் பினாங்குத் தீவில் ஒருநாள்கூடக் கால் வைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? பாலத்தில் ஏறினால் அரை மணி நேரம். பட்டர்வொர்த்துக்குப் போய் ஃபெரி பிடித்தால் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். பட்டறையில் கூட வேலை பார்த்த நேப்பாளத்துப் பையன்களும் பங்களாதேஷ்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைவாரிக்கொண்டு ஜார்ஜ்டவுனுக்குக் கிளம்பிவிடுவார்கள். சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். முகம்மது கனி மட்டும் அறையில் படுத்துக் கிடப்பான். கேட்டால், "இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?" என்பான்.

அங்கே இருந்தது என்ன என்று அவனுக்குத்தான் தெரியும். அவனைப் பெற்ற அத்தாவின் இன்னொரு குடும்பம் அங்கே இருந்தது.

கனிக்கு ஊர் இராமநாதபுரம் பக்கம், பனைக்குளம். அவனுடைய அத்தா ஹனீபா சின்ன வயதிலேயே பினாங்குக்கு வந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் கறி ஆக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். பிஸ்கட் டின்னும் கைலியும் தைலமும் கொண்டுவருவார், உம்மாவோடும் மகனோடும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவார். அவருக்கு அக்கரையிலும் ஓர் அடுப்பு எரிகிறது என்ற சேதி கனிக்குப் பத்தொன்பது வயதாகும்போது ஊருக்கு வந்து சேர்ந்தது. மனைவி பெயர் நூர்ஜான், ஒரு பெண் குழந்தையும் இருக்கிறதாம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? உம்மாவின் காதுக்கு அது கடைசியாகத்தான் வந்தது.

மார்க்கம் தடுக்காத காரியம்தான், அதை உம்மாவும் அறிவாள். சொல்லாமல் செய்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நான் அழுதிருப்பேன். அவ்வளவுதானே?" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அத்தா ஊருக்கு வந்தபோது சோறு போட்டாளே தவிர ஒரு சொல் பேசவில்லை. அத்தாவும் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஜுருவில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை கனிக்கு வாய்த்தபோது உம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "மலேசியாவுல எங்க வேணும்னாலும் இரு. அந்தத் தீவுல மட்டும் மிதிக்காத. எந்தலையில கை வச்சுச் சொல்லு." கனி கை வைத்துச் சொன்னான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டான், அத்தா மய்யித்தான அன்றுகூட. நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. லாரியில் கார் சாமான் கொண்டுவரும் ஹைதர்தான் போனில் சொன்னார். ஹைதருக்குப் பினாங்கில் எல்லாத் தமிழ் முஸ்லிம் வீடும் அத்துப்படி. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். கனி குளித்து, வெள்ளைக் கைலி கட்டிக்கொண்டு, பட்டர்வொர்த் ஃபெரித்துறைவரை போனான். எதிரே ஜார்ஜ்டவுன் கட்டடங்கள் வெயிலில் தெரிந்தன. உம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். "இன்னாலில்லாஹி" என்றாள் உம்மா. மேற்கொண்டு ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஒரு ஃபெரி போயிற்று, அடுத்ததும் போயிற்று. கனி ஜுருவுக்கே திரும்பிப் போய், மறுநாள் யாருடைய காருக்கோ சிவப்புச் சாயம் அடித்தான். கண்ணில் ஒரு பொட்டு நீர் வரவில்லை. தான் பேசாமலே விட்ட புருஷனுக்காக உம்மா நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்தாள்.

அந்தக் கதை அதோடு முடிந்தது என்றுதான் அவன் நினைத்திருந்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? போன மாதம் ஹைதர் பட்டறைக்கு வந்தவர், சாமானை இறக்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"தம்பி, ஒங்க அத்தாவோட மவ ஹன்னாவுக்குக் கல்யாணம்லா. மாப்பிள்ளை பேரு ஷாருல், நல்ல பையன். ஆனா பொண்ணுக்கு வலீ நீங்கதான்."

கனிக்குப் புரியாமல் இல்லை. நிக்காஹில் பெண்ணைக் கட்டிக் கொடுக்க அவள் பக்கத்து ஆண் ஒருவர் வலீயாக நிற்க வேண்டும். அத்தா இல்லை, அத்தாவைப் பெற்றவரும் இல்லை, கூடப் பிறந்த அண்ணன் தம்பியும் இல்லை என்றால் அந்த இடம் அத்தாவுக்குப் பிறந்த மகனுக்கு வந்துவிடும். முகத்தைப் பார்த்ததில்லை, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை என்பதெல்லாம் அங்கே செல்லாது.

"நீங்க வரலன்னா இன்னொரு வழி இருக்கு," என்று குரலைத் தாழ்த்தினார் ஹைதர். "நீங்க ஊருக்கே போய்ட்டீங்கன்னு மார்க்க ஆபீஸ்ல சொல்லிடுவோம். வலீ அவ்வளவு தூரத்துல இருந்தா அவங்களே ஆள் வச்சு முடிச்சுக் குடுத்துருவாங்க. உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

சுகமான வழிதான். கனி அன்று இரவு முழுவதும் அந்தச் சுகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சின்ன வயதில் மதரஸாவில் ஓதிய நாலு எழுத்துதான் கெடுத்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற வலீயைப் பொய் சொல்லி மறைத்து நடத்துகிற நிக்காஹ் நிக்காஹா? ஒரு பெண்ணின் கல்யாணத்தில் அவளுக்கே தெரியாமல் ஓட்டை போட்டுவிட்டு, ஐந்து வேளையும் தொழுது என்ன புண்ணியம்? ஹைதருக்குப் போன் போட்டு, "வாரேன். பொறுப்ப இமாம் கையில குடுத்துட்டு உடனே திரும்பிருவேன்," என்றான். உம்மாவிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலையில் ஃபெரி ஏறினான். பள்ளிவாசலில் நிக்காஹ் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான். ஆனாலும் அறையில் இருப்புக் கொள்ளாமல் சீக்கிரமே கிளம்பிவிட்டான். ஃபெரியில் ஒரு சீனக் குடும்பம் அவனிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னது. அவனையும் சுற்றிப் பார்க்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். எடுத்துக் கொடுத்தான்.

தீவில் இறங்கியதும் கால் கூசியது. ஒரு ரிக்‌ஷாக்காரர் கூப்பிட்டார், வேண்டாம் என்று நடந்தான். தங்கக் கடைகளும், காசு மாற்றுகிறவர்களும், சாம்பிராணி வாசமும், கடை முகப்பின் ஐந்தடி நடைபாதையில் நிழலும், வெள்ளைக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு கூட்டமாய்ப் போவதும்! இவ்வளவு அழகான ஊரா என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. அத்தா வெயிலிலும் புகையிலும் வெந்து கிடக்கிறார் என்று நினைத்து எத்தனை வருஷம் துஆ செய்திருக்கிறோம்! ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து சோறு வாங்கினான். பரிமாறினவர் நாலைந்து கறியைச் சோறு முழுகுகிற அளவுக்கு ஊற்றிக் கொடுத்தார். பசியில்தான் உட்கார்ந்தான், பாதிக்கு மேல் இறங்கவில்லை. இது அத்தா வேலை பார்த்த கடையா என்று கேட்க நா எழும்பியது. கேட்கவில்லை.

நூர்ஜானின் வீடு ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த நூர்ஜான் அவன் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "வாங்க தம்பி," என்றாள் பிறகு. உள்ளே கல்யாண வீட்டுச் சந்தடி. பச்சை பஜு குரோங் உடுத்து, கையில் மருதாணியோடு ஹன்னா வந்து எதிரே உட்கார்ந்தாள். தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. பார்வையில் கூச்சம் என்பதே கிடையாது.

"மனசோட வந்தீங்களா, கடமைக்கு வந்தீங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"கடமைக்குத்தான்."

"ஓகேலா. மனசுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." நேராகப் பார்த்தாள். "அத்தா ஆஸ்பத்திரில கெடந்தப்ப கதவு தொறக்கிற நேரமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. நீங்க ஜுருவுலதான் இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நர்ஸைத் தேடுறாருன்னு நெனச்சேன்."

கனி தானும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இன்னைக்குப் போய் இதெல்லாம் எதுக்குடி?" என்று அதட்டிவிட்டு நூர்ஜான் தேத்தண்ணீரை வைத்தாள். "ஒங்க உம்மா நல்லா இருக்காங்களா தம்பி? இத்தா இருந்தப்ப அவங்க நெனப்புத்தான் எனக்கு. நாலு மாசமும் வாசல தாண்டல நான். அங்கயும் ஒருத்தி இதே மாதிரி ஒக்காந்திருப்பாளேன்னு நெனச்சுக்குவேன். சொல்லிட்டுத்தானே வந்தீங்க அவங்ககிட்ட?"

"இல்ல. தெரிஞ்சா வருத்தப்படும்னு சொல்லல."

ஹன்னா சிரித்தாள். அதில் கிண்டலைவிட அலுப்புத்தான் அதிகம் இருந்தது. "அத்தாவும் இதத்தான் சொல்வாரு."

அவள் குத்திக்காட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அது தைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் அத்தாவின் மேல் கோபம் வளர்த்தவன், கடல் தாண்டி வந்து, வீட்டில் சொல்லாமல், சொன்னால் வருத்தப்படும் என்று அதற்கொரு காரணமும் வைத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான்! தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "பள்ளியில இருக்கேன். அங்க வந்துருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

பள்ளி முற்றத்தில் ஓரமாக நின்று ஊருக்குப் போன் போட்டான்.

"உம்மா, நான் தீவுலருந்து பேசுறேன்."

கனி எல்லாவற்றையும் சொன்னான். அத்தா மகளுக்கு நிக்காஹ் என்பதையும், தான்தான் வலீ என்பதையும், சொல்லாமல் முடித்துவிட்டுத் திரும்ப நினைத்ததையும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னான். "ஒந்தலையில வச்ச கைய எடுத்துட்டேன் உம்மா. நீ ஏசு, அழு. ஆனா உங்கிட்ட மறைக்க மாட்டேன்."

உம்மா கேட்டது வேறு. "அந்தப் புள்ளைக்கு வேற ஆம்பளத் துணை இல்லையா?"

"இல்ல உம்மா."

"அவளப் பெத்தவ இத்தா இருந்தாளா?"

"இருந்தாகளாம். வாசல் தாண்டலையாம். ஒன்னய நெனச்சுக்குவாகளாம்."

அதற்குள் பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது முடிகிறவரை அங்கே பனைக்குளத்தில் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பாங்கு சொல்லியாச்சே, போய்த் தொழு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சம்மதமா கோபமா என்று அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

தொழுகை முடிந்து வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தார்கள். எதிரே மாப்பிள்ளை ஷாருல், பக்கத்தில் சாட்சிகள், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். "நீங்களே கட்டிக் குடுக்குறீங்களா, எங்கிட்ட ஒப்படைக்கிறீங்களா?" என்று இமாம் கேட்டார். ஒப்படைத்துவிட்டுப் போகத்தான் அவன் வந்தான். ஹைதர்கூட அப்படித்தான் இமாமிடம் சொல்லி வைத்திருந்தார்.

"நானே குடுக்குறேன்," என்றான் கனி.

ஷாருலின் கையைப் பிடித்தான். பையனின் கை வேர்த்திருந்தது, இவனுடையது அதைவிட. இமாம் மலாயில் சொல்லிக்கொடுக்க, தொடங்கினான். 'என் தங்கை' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டான். இமாம் பொறுத்திருந்து மறுபடியும் சொல்லிக்கொடுத்தார். "என் தங்கை," என்றான் கனி, "ஹனீபாவின் மகள் ஹன்னாவை..." அத்தாவின் பெயர் வாயிலிருந்து வந்த பிறகு மிச்சத்தை எப்படிச் சொல்லி முடித்தான் என்பது அவனுக்கே தெரியாது. ஷாருல் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். நிக்காஹ் செல்லும் என்று சாட்சிகள் "ஸஹ்" சொன்னார்கள். எல்லாரும் துஆவுக்குக் கை ஏந்தியபோது கனி ஏந்திய கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவனுக்கு இரண்டும் ஆடின.

புறப்படும்போது ஹன்னா பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். அண்ணன் என்று கூப்பிடவில்லை. "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம நாங்க அத்தா கபருக்குப் போறோம். நீங்களும் வாங்க," என்றாள். வருகிறேன் என்றான்.

சாயங்கால ஃபெரியில் கம்பியோரமாக நின்றிருந்தபோது போன் அடித்தது. உம்மா.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது உம்மா."

"புள்ள அழுதாளா?"

"இல்ல. நான்தான் அழுதேன்."

உம்மாவுக்குக் கோபம் என்றே கனி நினைத்தான். ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு அவள் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் கேட்டிராத குரல்.

"அன்னைக்கு நீ தொறையில நின்னு போன் போட்டியே கனி. நீ எதுக்குப் போட்டன்னு எனக்குத் தெரியும். போடான்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா, நீ ஒங்க அத்தா மொகத்தப் பாத்திருப்ப. தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்."

அந்தப் பக்கம் உம்மா அழுவது கேட்டது. அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஃபெரி பட்டர்வொர்த்தில் கரை சேர்ந்து, கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.