வலது பின்சக்கரத்தின் மஞ்சள் கோடு

பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு என் போன் அடித்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், பிறகு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அந்த அழைப்பின் பதிவை எத்தனையோ தடவை திறந்து பார்த்திருப்பதுதான். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருக்கிறேன்.

அப்போது நான் கிழக்கு டெக்சாஸில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு மண் பந்தயத் தடத்தின் ஓரத்தில், மகளுடைய காரின் வலது பின்சக்கரத்தின் அருகே மண்டியிட்டிருந்தேன். ஸ்பிரிண்ட் கார் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். இரும்புக் குழாயில் செய்த ஒரு கூண்டு, அதற்கு முன்னால் அந்தக் கூண்டுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய என்ஜின், தலைக்கு மேல் கட்டில் அகலத்துக்கு ஒரு தகட்டு இறக்கை. சாவி போட்டுக் கிளப்ப முடியாது. பின்னாலிருந்து ஒரு டிரக் தள்ளிக்கொண்டு போக வேண்டும். களிமண் வட்டத்தில் நேராகப் போகாமல் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே சுற்றும். சறுக்கும்போது மொத்த பாரமும் வலது பின்சக்கரத்தின் மேல் விழும். மற்ற மூன்றையும்விடப் பெரிய அந்தச் சக்கரத்தை அச்சோடு பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு நட்டு.

அந்த நட்டு என் பொறுப்பு.

வார நாட்களில் நான் ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதே என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை. ஆலையில் முடுக்கி முடித்த போல்ட்டின் மேல் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போடுவோம். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மகளின் காருக்கும் அதையே கொண்டுவந்தேன். அவளும் பழகிவிட்டாள். கூண்டுக்குள் ஏறுமுன் சுற்றி வந்து மஞ்சள் கோடுகளைப் பார்ப்பாள். பார்த்தால் ஏறுவாள்.

அவளும் வார நாட்களில் இன்ஜினியர்தான். எரிசக்தி கம்பெனி ஒன்றில் வேலை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, முன்பு யாரோ குதிரைகள் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய டிரெய்லரைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். ஒரு வாரம் லூசியானா, ஒரு வாரம் ஓக்லஹோமா. ஐஸ் பெட்டியில் தயிர்சாதம். மற்றவர்கள் கழற்றிப்போட்ட டயரில் இன்னும் ஓட்டம் மிச்சமிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்து வாங்கிக்கொள்வோம். சில வெள்ளிக்கிழமைகளில் முன்னதாகவே கிளம்பிப் போய், அவள் டயர் அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்து, மைக்கை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பாள். திங்கள் காலை ஏழரைக்கு ஆபீஸில் இருப்பாள், காதுமடலுக்குப் பின்னால் சிவப்பு மண்ணோடு.

இதெல்லாம் நாங்கள் இருக்கும் சுகர் லேண்டில், எங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்தோம். மகள் டாலஸில் வாரக்கடைசி எம்.பி.ஏ. படிக்கிறாள் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யை ஆரம்பித்தது நான்தான்.

போனில் பேசியவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சமையல் பொறுப்பைப் பார்க்கும் பெரியவர். ஊரில் எல்லோருக்கும் அங்கிள். ரிங் அடித்தால் எடுக்காமல் இருக்க முடியாத மனிதர். எடுக்காவிட்டால் எடுக்கும் வரை அடிப்பார்.

"தம்பி, உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். சங்கத்து இட்லி குண்டான் உங்க கராஜ்லதான இருக்கு? நாளைக்கு ஃபங்ஷனுக்கு வேணும். கதவு கோட் நம்பர் சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்."

குண்டான் கராஜில்தான் இருந்தது. அதன் மேலேயே மகளின் உபரி இறக்கையைச் சாய்த்து வைத்திருந்தோம். அதில் அவள் பெயர், கார் எண், எல்லாம் ஆள் உயரத்துக்கு.

"வீட்ல இல்லியே அங்கிள். டாலஸ்ல இருக்கோம்."

"அது என்ன பின்னாடி சத்தம்?"

"பக்கத்து வீட்ல புல்லு வெட்றாங்க."

"புல்லு வெட்றதா? ஏரோப்ளேன் மாதிரி இருக்கே."

ரென்ச்சைத் தரையில் வைத்தேன். சத்தம் கேட்காமல் இருக்க டிரெய்லருக்குப் பின்னால் போனேன். நட்டைக் கையால் சுற்றித்தான் வைத்திருந்தேன், இன்னும் முடுக்கவில்லை.

"கராஜ் கதவு ரிப்பேர் அங்கிள். திறக்காது."

"அப்ப இட்லிக்கு என்ன பண்றது?"

"உப்புமா போட்டுடலாமே."

"நாநூறு பேருக்கு உப்புமாவா? என்னை அடிப்பாங்க தம்பி."

இப்படியே போனது பேச்சு. யார் வீட்டில் வேறு குண்டான் இருக்கிறது என்று நான்தான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கார் இருந்த இடத்தில் கார் இல்லை. ரென்ச் மட்டும் தரையில் கிடந்தது. பயிற்சி ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மகள் வழக்கம்போலச் சுற்றி வந்து பார்த்திருக்கிறாள். நட்டின் மேல் மஞ்சள் கோடு இருந்திருக்கிறது. அது முந்தின நாள் பந்தயத்துக்குப் போட்ட கோடு. டயர் மாற்றக் கழற்றும்போதே அதைத் துடைத்திருக்க வேண்டும். நான் துடைக்கவில்லை.

வேலிக்கு ஓடினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். அங்கே எல்லோரும்தான் கை ஆட்டுகிறார்கள்.

மூன்றாவது சுற்றில், வளைவுக்குள் நுழையும்போது, சக்கரம் காரை முந்திக்கொண்டு தனியாக ஓடியது. அதை நான் வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தேன் என்பதை இன்னும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை. பிறகு கார் உருண்டது. எத்தனை தடவை என்று மகள் பின்னால் கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும். ஐந்து.

நான் போய்ச் சேர்வதற்குள் தடத்து ஆட்கள் அவளை வெளியே எடுத்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்து இடத்தில் கார் நிறுத்தும் ஒருவர், வாரநாளில் பிளம்பர், என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவள் திட்டிக்கொண்டிருக்கிறாள், திட்டினால் நல்லது என்றார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஐ சா தி லைன்."

"தெரியும்மா. அது நேத்து போட்டது. நான் டைட் பண்ணல."

"காரை யார் லோட் பண்றாங்க?" என்று கேட்டாள். பிளம்பர் கையைத் தூக்கினார்.

தோள்பட்டை எலும்பில் விரிசல். தலையில் ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். அதன் பிறகுதான் அடுத்த பயம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார் வீட்டுக்கு வந்த அன்று, என் மனைவி எங்கள் இருவரையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். "ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா, கார் வித்தாச்சு. அப்புறம் பேச்சே கிடையாது. சத்தியம் பண்ணுங்க." மகள் "டீல், அம்மா" என்றாள். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு மனைவி ஒரு பந்தயத்துக்குக்கூட வந்ததில்லை. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்தாளர், சனிக்கிழமையும் வேலை. அவளுக்குப் போன் செய்து எலும்பை மட்டும் சொன்னேன். நட்டைச் சொல்லவில்லை. "கிளம்பறேன்" என்று வைத்துவிட்டாள். மூன்றரை மணி நேர தூரம்.

மகள் கட்டிலில் ஒற்றைக் கையால் போனில் எதையோ அடித்து அடித்து அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"மேனேஜருக்கு. படியில விழுந்துட்டேன்னு போடவா?"

"உண்மையைப் போடு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யூ ஃபர்ஸ்ட். இட்லி அங்கிள்கிட்ட சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்."

வலியில் இருக்கும் பிள்ளை கேட்டது. வெளியே போய்ப் போன் போட்டேன்.

"அங்கிள், நான் டாலஸ்ல இல்ல. எம்.பி.ஏ.வும் இல்ல. பொண்ணு ரேஸ் கார் ஓட்றா. இன்னிக்கு ஒரு ஆக்சிடென்ட்."

"ஐயோ. அடி பலமா?"

"எலும்பு விரிசல். பேசறா."

அவர் மூச்சு விட்டது கேட்டது. "ரேஸ் காரா? பொம்பளப் புள்ளைய நீங்க எப்படி விட்டீங்க தம்பி?"

"நான் விடல அங்கிள். கூட நின்னு நட்டு முடுக்கறேன்."

அவர் குரலை இறக்கி, "அந்த கராஜ் கதவு நெஜமாவே ரிப்பேரா?" என்று கேட்டார்.

கோட் எண்ணைச் சொன்னேன்.

ஒரு மணி நேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிரார்த்தனை பண்ணுங்கள் என்றுதான் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார், கூடவே கராஜில் எடுத்த இறக்கையின் படமும். வந்த செய்திகளில் பாதி விசாரிப்பு, பாதி விசாரணை. கல்யாண வயசுப் பெண் என்றார் ஒருவர். பெற்றவர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா என்றார் இன்னொருவர். அவரை எனக்குத் தெரியும். தினமும் காலையில் ஃப்ரீவேயில் எனக்குப் பக்கத்து லேனில், எண்பது மைல் வேகத்தில், மடியில் போனைப் பார்த்துக்கொண்டே போகிறவர். என் மகள் ஐந்து சீட்பெல்ட் பட்டை கட்டி, ஹெல்மெட் போட்டு, இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எல்லோரும் ஒரே பக்கம் போகும் வட்டத்தில் ஓட்டுகிறாள். அவள் அந்தக் கூண்டின் ஒவ்வொரு பற்றவைப்பையும் தானே பரிசோதித்தவள். அதனால்தான் ஐந்து தடவை உருண்ட பிறகும் காரை யார் ஏற்றுகிறார்கள் என்று கேட்க முடிந்தது.

அவருக்கு எழுதினேன்: என் மகள் ஓட்டியதில் தப்பு இல்லை. நான் உங்களுக்கெல்லாம் பயந்து ஒளிந்துகொண்டு பேசப் போனதுதான் தப்பு. அதற்கு அவளிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்க எதுவும் இல்லை.

அனுப்பிவிட்டு உள்ளே போனேன். மகளும் மேனேஜருக்கு அனுப்பியிருந்தாள். அவர் பதிலுக்கு, வீடியோ இருக்கிறதா என்று கேட்டிருந்தாராம்.

"அம்மா வந்ததும் கார் போயிடும், இல்ல?" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. உருண்டபோது அழாதவள்.

"நட்டு விஷயம் அம்மாகிட்ட சொல்லவேண்டாம்ப்பா. ட்ராக் மோசம்னு சொல்லிடலாம்."

"வேண்டாம்மா. இன்னொரு தடவை டிரெய்லருக்குப் பின்னாடி என்னால போக முடியாது."

ஐந்தரை மணிக்கு மனைவி வந்தாள். வெள்ளை கோட் போட்டபடியே, கழுத்தில் அடையாள அட்டையோடு. என்னைப் பார்க்காமல் நேரே மகளிடம் போய்த் தலை, கழுத்து, விரல்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். கட்டிலில் தொங்கிய மருந்துச் சீட்டை முழுக்கப் படித்தாள். காதுக்குப் பின்னாலிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். குண்டான், புல்வெட்டு, உப்புமா, பழைய கோடு. ஒன்றையும் விடவில்லை.

"சத்தியம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஆனா விக்க மாட்டேன். தப்பு பண்ணது நான். அதுக்கு அவ காரை விக்க விடமாட்டேன். உனக்குக் கோபம்னா என்னைத் திட்டு."

திருமணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அனேகமாக அதுதான் முதல் தடவை.

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே மகள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"வித்தா மட்டும் என்ன," என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் இன்னொண்ணு வாங்குவீங்க. எனக்குப் போன் பண்ணி, பக்கத்து வீட்ல புல்லு வெட்றாங்கன்னு சொல்வீங்க."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பும், உடனே வலியில் ஒரு முனகலும் வந்தது.

"ஆபத்தான மருந்து எங்க பார்மஸில ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம கவுண்ட்டரைத் தாண்டாது. ஒருத்தர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். நீங்க ஒரே ஆளு, ஒரே கோடு, கையில போன் வேற." கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கோட் பையில் போட்டுக்கொண்டாள். "எலும்பு சேரட்டும். சனிக்கிழமை ஷிஃப்ட மாத்திக்கறேன். அந்த நட்டுல ரெண்டாவது கோடு நான் போடறேன். எனக்குப் பச்சைக் கலர் வாங்குங்க."