கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

சேலை பார்டர் டிசைனைத் திறந்தாலே என் பழைய கணினி உறைந்துவிடுகிறது. அதனால் இன்று புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன்.

திரை இருட்டு. மூன்று முறை கழற்றி மாட்டினேன். அப்போதும் இருட்டு.

வெயிலில் சிபியூவைச் சுமந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்டை உருவினார்.

"இன்னாண்ணா, சொருவுற எடத்துல சந்தனம் காஞ்சி கெடக்குது?"

கார்டைச் செருகும் விளிம்பின் தங்க நிறத்தின் மேல் சந்தனம். நாள் முழுக்க நிறம் பிரிக்கிற என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"புதுப் பொருளாச்சேன்னு நான்தாங்க வெச்சேன். பளபளன்னு இருந்த எடமா பாத்து வெச்சேன்."

கடைக்காரர் துடைத்து மாட்டினார். படம் வந்தது. மூடியை முடுக்கிவிட்டு, சாமி படத்தடியிலிருந்து குங்குமம் எடுத்து மூடிமேல் வைத்தார்.

"இங்க வெக்கணும்ணா."

உங்கள் வீட்டு சிபியூவுக்குப் பொட்டு எந்தப் பக்கம்?