பட்டியலை மனப்பாடம் செய்தவன்

மேடையில் தாளைப் பார்த்துப் பேசுபவனைப் பேச்சாளன் என்று நான் ஒப்புக்கொண்டதில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே பட்டிமன்றங்களில் எனக்கு நாற்காலி போட்டார்கள். எதையும் உரக்கப் படித்தே மனத்தில் ஏற்றுவேன். லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஒத்துப்போகும் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளின் பட்டியலையும் அப்படித்தான் படித்தேன்.

அக்கா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை மண்டியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு தட்டச்சு செய்யும் கடை எடுத்திருந்தாள். திங்கட்கிழமை மனுநாள், அன்றே தொடங்க வேண்டும் என்பது அவள் முடிவு. வாங்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரிலோ மதர்போர்டு எரிந்துபோயிருந்தது. ஊரெல்லாம் திருட்டு நகல் சிடியில் இயங்குதளம் ஏற்றிக்கொண்டிருந்த காலம். அது கூடாது, எவரும் உரிமையோடு பகிர்ந்துகொள்ளும் லினக்ஸ்தான் வேண்டும் என்று அக்காவிடம் வாதாடி வென்றிருந்தேன். எல்லா போர்டிலும் அது ஓடாது. ஆகவே அதைப் பயன்படுத்துவோர் இணையத்தில் தொகுத்த பட்டியலை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, இரண்டு நாள் வாய்விட்டுப் படித்தேன்.

சனிக்கிழமை தேரடி வீதியில் ஒரு மாடிக் கடைக்குப் போனேன்.

"லிஸ்ட் எங்கப்பா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டில் இருக்கிறது. தேவையில்லை" என்று சொல்லி, முப்பத்தோரு போர்டுகளின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"யப்பா! மைக்கு ஒண்ணுதான் கம்மி" என்று சிரித்தவர், என் ஒன்பதாம் பெயருக்குரிய பெட்டியை எடுத்தார். "ஆனா இது ரெண்டாவது ரிவிஷன் தம்பி. பேரு அதேதான், உள்ள மாத்திட்டான். பேப்பரைப் பாத்துட்டு வந்துடேன். பில்லு போட்டா திரும்ப எடுக்க மாட்டேன்."

பெயர் மாறாதபோது தன்மை மாறாது என்று மூன்று காரணங்களை அடுக்கினேன். மூன்றாவதில் அவர் பெட்டியைக் கவரில் போட்டார். "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாதுப்பா."

ஞாயிறு காலை அக்காவின் கடையில் போர்டைப் பொருத்தி சிடியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அந்த நிலையில் தமிழில் தட்டச்சு செய்ய முடியாது. ஆறு முறை நிறுவிப் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பட்டியலை எடுத்தேன். ஒன்பதாம் பெயரின் தோளில் சிறு நட்சத்திரக் குறி. தாளின் அடியில் பொடியெழுத்தில், இரண்டாம் ரிவிஷனின் டிஸ்ப்ளே சிப்பு லினக்ஸில் வேலை செய்யாது என்றிருந்தது. நட்சத்திரக் குறிக்கு ஓசை கிடையாது. வாய்விட்டுப் படித்தவனுக்குள் அது இறங்கவே இல்லை.

அக்காவிடம் சொன்னேன். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

திங்கட்கிழமை காலை முழுதும் ஆட்கள் வந்தார்கள். "மிஷினு ரிப்பேரு, பக்கத்துக் கடைல அடிச்சுக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் அக்கா சொன்னாள். பட்டா மாற்றத்துக்கு அடி அண்ணாமலையிலிருந்து வந்தவர், "தொறந்த அன்னிக்கேவா?" என்றார். நான் விளக்கத் தொடங்கினேன்.

"நீ கொஞ்சம் பேசாம இருடா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பிறகு அவளே தேரடி வீதிக் கடைக்காரருக்குப் போன் செய்து வரவழைத்தாள். அவர் திருட்டு நகல் சிடியைப் போட்டு, நாற்பது நிமிடத்தில் திரையில் தமிழைக் கொண்டுவந்தார். "அன்னிக்கே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

"எதனா அடிச்சுப் பாரும்மா" என்றார்.

எதிரே மனு வாங்கும் நேரம் முடிந்து, கூட்டம் பேருந்துகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'அனுப்புநர்' என்று அடித்தாள். அடுத்த வரியில் எழுத ஆள் இல்லாமல் விரல்களை எடுத்துக்கொண்டாள்.