மணிக்கட்டில் இருந்த வயது

என்னை ஐந்து வயதுக்காரி ஆக்கியது என் கைதான். பள்ளியில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் பெரிய வாத்தியார். வயது நாலு, ஆனால் கை நீளம், தொட்டுவிட்டேன். ஐந்து முடிந்ததாக எழுதி, ஜூன் ஒன்றைப் பிறந்தநாளாக வைத்துச் சேர்த்துக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்தோம்.

அதே நீளக் கை பிறகு என்னைக் கூடைப்பந்தில் கொண்டுபோய் விட்டது. கல்லூரியில் முதல் வருடம் முடிந்த ஜூனில், பெண்கள் அணி வைத்திருந்த ஒரு கம்பெனி பாளையங்கோட்டைக்கு ஆள் எடுக்க வந்தது. ஆடுவதுதான் வேலை, மாதச் சம்பளம் உண்டு. ஆடவிட்டுப் பார்த்து என்னை எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ்ப்படி எனக்கு அந்த மாதம்தான் முடிந்திருந்தது.

அதற்கப்புறம்தான் எலும்பை வைத்து வயதைச் சரிபார்க்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார் அவர்களுடைய பயிற்சியாளர். முந்தின வருடம் யாரோ கள்ள வயதில் சேர்ந்து வம்பாகிவிட்டதாம். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது என்னென்னவோ தோன்றியது. சான்றிதழே பொய் என்று கல்லூரியிலிருந்தும் துரத்துவார்கள், ஓய்வுபெற்ற பெரிய வாத்தியாரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்.

கை ஆடினால் படம் கலங்கிவிடும் என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாக ஆடியது.

"ஏட்டி, ஆடாம கைய வையி" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு முனை இன்னும் எலும்போடு ஒட்டிக் கூடவில்லை, பதினேழுக்கு மேல் சொல்ல முடியாது என்றார். அங்கே வந்திருந்த பயிற்சியாளர் கோபப்படவில்லை. விதி விதிதான், இப்போது சேர்க்க முடியாது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார். போலீஸ் வரவில்லை. வேலை மட்டும் போயிற்று.

அம்மா நகரவில்லை. எலும்பு கூடவில்லை என்றால் என்ன என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். இன்னும் வளருவாள் என்று அர்த்தம் என்றார் அவர்.

"இதுக்கு மேலயாம்மா? இப்பமே அவ அப்பாவ விட ஒசரம். மாப்பிள்ளைக்கு நான் எங்கன போவேன்?"

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதது வேலை போனதற்காக இல்லை.