வெங்காயத்தோல் நிறத்தில் ஓர் அக்கா

இபாடான் நகரத்தில், மொகோலா பகுதியில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாண வீடுகளில் வெயிலில் வெந்து படம் எடுப்பவன் நான். அவற்றைக் கடையில் உட்கார்ந்து திருத்திப் பாராட்டையெல்லாம் வாங்கிக்கொள்பவள் வுராவோலா. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

நான் கொண்டுவந்து கொட்டும் ரா கோப்புகளை, அதாவது கேமரா கண்டதைக் கண்டபடி வைத்திருக்கும் சோகை பிடித்த படங்களை, அவள் கம்ப்யூட்டரில் ஒரு பட நூலகத்தில் அடுக்குவாள். வெளிச்சத்தைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பெரிய வேலை என்றால் படத்தை வேறொரு மென்பொருளுக்கு அனுப்பித் திருத்துவாள். திருத்திய பிரதி திரும்பி வந்து மூலப் படத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். மூலத்தை அழித்துத் தொலை, இடம் அடைக்கிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன். வேர்க்கடலையை மென்றபடி, நாளைக்கே கல்யாண வீட்டார் மனம் மாறினால் நீங்களா போய் மறுபடி கல்யாணம் நடத்துவீர்கள் என்று கேட்பாள்.

போன மாதம், ஹஜ் போய்வந்து அல்ஹாஜா பட்டம் வாங்கிய ரிஸிகத்தின் மகளுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரே துணியில் தைத்துப் போட்டு வந்தார்கள். வெங்காயத்தோல் நிறத்தில் பூப்போட்ட லேஸ். திரும்பிய பக்கமெல்லாம் வெங்காயத்தோல், நடுவில் ஒரே ஒரு பச்சை. அது ரிஸிகத்தின் அக்கா சிஃபாவு. தலையில் கட்டிய துணியிலிருந்து செருப்பு வரைக்கும் இலைப்பச்சை. ஒவ்வொரு குடும்பப் படத்திலும் முன்வரிசையில் வந்து நின்று என் கேமராவை முறைத்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் வழக்கப்படி, அக்காவுக்கான துணியைத் தங்கை தன் கையால் கொண்டுபோய், முழங்காலிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ரிஸிகத் கல்யாண அலைச்சலில் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

கல்யாணம் முடிந்ததும் ரிஸிகத் கடைக்கு வந்தார். ஆல்பம் சம்பந்தி வீட்டுக்கும் போகும், பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தப் பச்சையைத்தான் கேட்பார்கள், துணி நிறத்தை மாற்ற முடியுமா என்று அதிகாரமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எங்கக்கா இல்லாம ஒரு குடும்பப் படமா, வுரா? பச்சையில நிக்கிறப்போ அவ யாரோ மாதிரி இருக்காம்மா."

எனக்கே மனம் இளகிவிட்டது. வுராவோலா ஆல்பத்துக்கான குடும்பப் படத்தை வெளி மென்பொருளுக்கு அனுப்பி, மடிப்பு மடிப்பாகப் பச்சையை எடுத்து வெங்காயத்தோலை ஏற்றினாள். நிழல்கூட அப்படியே இருந்தது. பொறாமையாக இருந்தது எனக்கு.

கெட்டிக்காரி சறுக்கியது அதற்குப் பிறகுதான். ஒப்புதலுக்காக நூலகத்திலிருந்து படங்களை ரிஸிகத்தின் போனுக்கு அனுப்பியபோது, திருத்தியதோடு பக்கத்திலிருந்த மூலமும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. ரிஸிகத்தும் சரியாகப் பார்க்காமல், இரண்டு வீட்டாரும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒரு படத்தில் அக்கா பச்சை, அடுத்ததில் வெங்காயத்தோல், இரண்டிலும் அதே முறைப்பு. பெண்ணின் பெரியம்மா நடுவில் எப்போது துணி மாற்றினார் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்க, குழுவே சிரித்திருக்கிறது.

மறுநாள் காலை சிஃபாவு கையில் பையோடு எங்கள் வாசலில் நின்றார். வுராவோலா சட்டென்று முழங்காலிட்டாள். நான் தரை தொடக் குனிந்து வணங்கினேன்.

"என் பச்சைய உரிச்சது யாரு?"

"நான்தாம்மா. உங்க தங்கச்சி கேட்டாங்க."

"என்னன்னு கேட்டா?"

ஏதாவது சொல்லிச் சமாளி என்று நான் ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"எங்கக்கா இல்லாம ஒரு குடும்பப் படமான்னு கேட்டாங்கம்மா."

சிஃபாவு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நிறம் சரி. பூவெல்லாம் எங்க?"

நீங்கள் உடுத்தியிருந்தது பூ இல்லாத துணி, நிறத்தைத்தான் மாற்ற முடிந்தது என்றாள் வுராவோலா. சிஃபாவு பையைத் திறந்தார். உள்ளே அதே லேஸ், அளவெடுத்துத் தைத்து, ஒருமுறைகூடப் போடாமல் இருந்தது. கல்யாணத்தன்று காலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கார் கிளம்பும் நேரம் வரைக்கும் தங்கை வருவாள் என்று உட்கார்ந்திருந்தாராம். சுவரைப் பார்த்தபடிதான் இதைச் சொன்னார்.

அதைப் போட்டுக்கொள்கிறேன், இவன் படம் எடுக்கட்டும், நீ அந்தக் குடும்பப் படத்தில் என்னைச் சரியாகச் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டு, உடை மாற்றும் திரைக்குப் பின்னால் போனார். உடுத்தி வந்து விளக்கின் முன்னால் நின்றபோது ரிஸிகத்தின் கார் வந்து நின்றது. வுராவோலாவைத் திட்டித் தீர்க்கத்தான் வந்திருக்கிறார். வாசலிலேயே ஆரம்பித்தும் விட்டார். உள்ளே அக்காவைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது.

மூட்டுவலிக்காரர். எங்கள் தூசித் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றிவிட்டார்.

"என் தப்புதான்க்கா."

யாரும் சொல்லாமலே நான் ஒரு படம் எடுத்தேன். அழுதுகொண்டிருந்தவரைத் தூக்கிவிட வுராவோலா ஓடினாள். சிஃபாவு கையை நீட்டித் தடுத்தார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது, ஆனால் முகத்தில் முறைப்பு குறையவில்லை.

"இருக்கட்டும் விடு. நான் எத்தனை நாள் காத்திருந்தேன், ஒரே படத்தோட எழுந்திரிச்சா எப்படி? தம்பி, நீ இன்னொன்னு எடு."