கரி பஸ்ஸின் முதுகில் என் சமன்பாடு

பெட்ரோல் பஞ்சத்தால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் நம் பெரம்பலூர் பஸ், இன்று அரியலூருக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

எனக்கோ ரயிலைப் பிடித்தாக வேண்டும். மாமனார் ஊரில் நேற்றுப் பிறந்த மகளை இன்னும் பார்க்கவில்லை.

டிரைவர் அடுப்பு மூடியைத் திறந்தார். பக்கத்து சீட்டு ஜவுளிக்கடை பாய், "நல்லா தொறந்து வைங்க, காத்து போனாத்தானே எரியும்?" என்றார்.

ரசாயனம் நடத்துகிறவன் சும்மா இருக்க முடியுமா?

"மூடுங்க! கரி அரைகுறையா எரிஞ்சாத்தான் அந்தப் புகை இன்ஜின்ல போயி மறுபடி எரியும். இங்கயே முழுசா எரிஞ்சுட்டா வண்டி எப்படிங்க ஓடும்?"

சொன்னதோடு விட்டேனா? கரித்துண்டால் பஸ்ஸின் மஞ்சள் தகரத்தில் படம் போட்டேன். கரி அணுவுக்குக் கறுப்பு வட்டம், பிராணவாயு அணுவுக்கு வெறும் வட்டம். இடப்பக்கம் ஒரு கறுப்பு, இரண்டு வெறும் வட்டம். வலப்பக்கம் அந்தப் புகை: ஒரு கறுப்போடு ஒட்டிய ஒரு வெறும் வட்டம்.

மூடியை இறுக்கிவிட்டு எல்லோரும் தள்ளினோம். பாய் மூச்சு வாங்கக் கேட்டார்: "சார், ஏறுனது ரெண்டு வெறும் வட்டம். அந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க எறங்குச்சு?"

திருத்துவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஓடித் தொற்றிக்கொண்டோம்.

ரயில் கிடைத்துவிட்டது, ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் போன வாரம் இதே தப்புக்குத்தான் பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றினேன். நாளைக் காலை அந்த பஸ் எங்கள் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போகும்.

பெரம்பலூர் நண்பர்களே, யாராவது இடப்பக்கம் இன்னொரு கறுப்பு வட்டமும், வலப்பக்கம் இன்னொரு ஜோடியும் போட்டுவிடுங்கள். மகள் யார் சாயல் என்று, திருத்தியவருக்குத்தான் முதலில் எழுதுவேன்.